ஒரே எண் பொறித்த இரண்டு துப்பாக்கிகள்

1

நேற்று, புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் கடைக்கு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியார் ஒருவர் வந்தார். துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை மேஜை மேல் வைத்துப் பிரித்தார். குழல்களின் அடியில் இருந்த முத்திரைகளை விரலால் தொட்டுக் காட்டி, இது எந்த வெடிமருந்தைத் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள்தான் இதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டேன் என்றார். நான் முத்திரை படிப்பதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பினாங்கில் இருபது வருஷமாகத் துப்பாக்கிக் கடையில் பதிவேடு எழுதுகிறவன் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் சீன முதலாளி குறுக்கே வந்து அவரை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

1940 புரட்டாசியிலிருந்து நான் முத்திரை படிப்பதில்லை. இதற்கு முன் இங்கிருந்து இந்தப் பத்திரிகைக்கு எழுதிய குறிப்புகளில் மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன், சந்தையைப் பற்றி எழுதியிருக்கிறேன், வீட்டில் பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாகப் பேசும் என் மகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டும் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. ஏழு வருஷம் ஆகிறது. இன்று எழுதுகிறேன்.

2

துப்பாக்கிகள் எங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து மரப்பெட்டிகளில் வரும். இங்கிலாந்தில் பேர் போன கைவேலைத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து, அதே வடிவம், அதே பூவேலை, அதே வளைவோடு மிஷினில் செய்தவை. தோட்டத்துத் துரைமார் கைவேலைச் சரக்கையே கேட்பார்கள். மற்றவர்கள் இதை வாங்குவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதிதாக வாங்க வருகிறவர் முன்னால் ஒரு வித்தை காட்டுவது என் வேலை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு துப்பாக்கிகளைக் கழற்றி, இதன் குழலை அதிலும் அதன் குழலை இதிலும் மாட்டுவேன். கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கைவேலைத் துப்பாக்கியில் இது நடக்காது. ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்துத் துண்டுக்காகவே அராவப்பட்டது. வேறெதிலும் சேராது. மிஷின் சரக்கில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அதில் அடித்திருக்கும் எண் மட்டும். எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால்தான் எண்ணையாவது வேறுவேறாகப் போடுகிறார்கள். போலீஸ் ஆபீஸுக்கு நான் எழுதியனுப்பும் பதிவேட்டில் அந்த எண்தான் உயிர்.

அந்தத் தேசங்களில் ஒரு சட்டம் உண்டு. குழல் ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு ஒரு கட்டிடத்துக்குள் வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை விழும். கருமருந்துக்குத் தாங்கினால் ஒரு முத்திரை, அதைவிட வேகமான புகையில்லா மருந்துக்குத் தாங்கினால் வேறு முத்திரை. இந்த முத்திரைகளுக்கெல்லாம் ஒரு புத்தகம் கடையில் கிடந்தது. யாரும் சொல்லாமல் நானாகவே அதைப் படித்தேன். பெருமைக்காகத்தான் படித்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

3

ஊரை விட்டு வருவதற்கு முந்தின வருஷம், 1926 தை மாதம், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, சின்ன ஜமீன்தார் மாதிரியான ஒரு மிட்டாதார் வீட்டில் நான் மனு எழுதிக்கொடுக்கிற வேலையில் இருந்தேன். அவரிடம் அசல் இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. அதற்கு ஜோடியாக இன்னொன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. சேலத்திலிருந்து அங்கமுத்து ஆசாரியை வரவழைத்தார். லைசென்ஸ் உள்ள ஆசாரி. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

வண்டிச் சக்கரத்தில் மாட்டும் பட்டா இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றிக் கயிறு திரிப்பதுபோல் சுற்றி, அடித்து அடித்து ஆசாரி குழல் செய்தார். குழலும் கட்டையும் சேரும் இடத்தை விளக்குப் புகையில் கறுப்பாக்கி மூடித் திறப்பார். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடியும் புகை. ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்து நான் விட்டுவிட்டேன். ஆறு மாதம் ஆயிற்று.

முடிந்த அன்று இரண்டையும் ஜமுக்காளத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மிட்டாதார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். கம்பெனிப் பெயர் இருந்தது. முத்திரைகள் இருந்தன. எண்ணும் அதே எண். ஆசாரிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. பூவேலையை வெட்டுவதுபோல் எழுத்தையும் வெட்டியிருந்தார். அசல் துப்பாக்கியின் கட்டையில் எப்போதோ விழுந்த ஒரு கீறல் இதிலும் இருந்தது. கீறலை எதற்கு ஆசாரி செய்தாய் என்று மிட்டாதார் சிரித்தார்.

"பாத்துச் செய்யின்னீங்க. பாத்ததெல்லாம் செஞ்சுட்டேனுங்க" என்றார் ஆசாரி.

எல்லோரும் சிரித்தோம். ஆசாரி சிரிக்கவில்லை. ஒட்டுமொத்தமாக எங்கள் எல்லோரையும் பார்த்து, "பாக்கறதுக்குத்தானுங்க ரெண்டும் ஒண்ணு. இதுக்குக் கருமருந்து மட்டுந்தான் போடோணும். அதுக்கு மேல இந்த இரும்பு தாங்காதுங்க" என்றார்.

அன்றைய குறிப்புப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. துப்பாக்கியின் எண், முத்திரைகளின் படம், ஆசாரிக்குப் போர்த்திய வேட்டியின் கரை நிறம், மத்தியானம் சாப்பிட்டது வரைக்கும் எழுதியிருக்கிறேன். ஆசாரி கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சை எழுதவில்லை.

4

என் அக்கா பாவாயியை மல்லசமுத்திரத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் பெயர் சென்னியப்பன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் எட்டு வருஷம் மில் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு காட்டு வெள்ளாமைக்கே திரும்பிவிட்டவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் பங்கு நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எனக்கு இன்னும் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது அவர்கள் வீடுதான்.

1940 ஆனியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நிலக்கடலைக் காட்டில் காட்டுப்பன்றி புகுந்து அழிக்கிறது, லைசென்ஸ் வாங்கியாயிற்று, கெங்கவல்லிப் பக்கம் ஒருவரிடமிருந்து இரட்டைக்குழல் ஒன்று வாங்கியிருக்கிறேன், குழலின் அடியில் இருப்பதை அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறேன், இது என்ன சொல்கிறது என்று எழுது என்று கேட்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. புத்தகத்தை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு பக்கம் பதில் எழுதினேன். உங்கள் துப்பாக்கி புகையில்லா மருந்துக்குச் சோதித்தது, கருமருந்தைத் தூக்கி எறியுங்கள், சேலத்தில் புதுத் தோட்டா கிடைக்கும், தைரியமாக வாங்குங்கள் என்று எழுதினேன்.

ஆசாரியின் துப்பாக்கி என் நினைவுக்கு வரவேயில்லை. மிட்டாதார் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்கள் நாலா திசையும் போயின என்பதும், ஜோடியில் ஒன்று கெங்கவல்லியில் இருந்த பங்காளிக்குப் போயிற்று என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது கடிதம் புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை வந்தது. மச்சான் பேசுகிற மாதிரியே எழுதுவார்.

"மாப்ள, மிட்டாதார் ஊட்டுத் துப்பாக்கியையும் நம்முளுதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தோம். பழைய ஆளுக ஆரும் இப்ப அங்க இல்ல, எது எதுன்னு ஒருத்தனும் சொல்லல. நெம்பரு கூட ஒண்ணேதான். எட்டு வருசம் மில்லுத் துணி கிழிச்சவன் நானு, எனக்குத் தெரியாதா? ஒரே மில்லுன்னா ஒரே நெம்பரு. நம்முளுது அசல் கம்பெனிச் சரக்குங்கறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? நீ சொன்ன தோட்டாவே வாங்கியாச்சு. ஆயுத பூசைக்கு வெச்சுக் கும்புட்டுட்டு, அன்னைக்குத்தான் மொத வெடி."

கீழே அந்த எண்ணை எழுதியிருந்தார்.

மில் துணிக்கு அவர் சொன்னது சரி. ஒரு ரகத்துக்கு ஒரு எண். ஆயிரம் பீஸ் வந்தாலும் ஆயிரத்திலும் அதே எண்தான் குத்தியிருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். துப்பாக்கிக்கு அது நேர்மாறு. ஒரு எண் இரண்டு துப்பாக்கியில் இருந்தால் அதில் ஒன்று அந்தக் கம்பெனியில் செய்ததே அல்ல. பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே எண். அசலை அந்த வீட்டில் வெளியே விட்டிருக்க மாட்டார்கள், அது இன்னும் மிட்டாதார் வீட்டில்தான் இருக்கிறது. அப்படியானால் மச்சான் கையில் இருப்பது வண்டிப் பட்டா இரும்பு. அதில் புகையில்லா மருந்தைப் போட்டுச் சுடச் சொன்னது நான்.

ஆயுத பூஜை வருகிற வியாழக்கிழமை.

5

திங்கள்கிழமை காலை தந்தி ஆபீஸ் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தந்திக்கு மூன்று படிவம் நிரப்ப வேண்டும். அனுப்புகிறவன் யார், பெறுகிறவன் யார், என்ன உறவு, என்ன காரணம், எல்லாம் இங்கிலீஷில். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். துப்பாக்கியைச் சுட வேண்டாம் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் படிவத்தை என் பக்கமே தள்ளினார்.

"துவக்கு எண்டு ஒரு சொல் கிடந்தாலே மேலிடத்துக்கு அனுப்ப வேணும். பொலிஸ் கடிதமும் வேணும். ஒரு கிழமை செல்லும்."

ஒரு வாரம் என்றால் பூஜை கடந்துவிடும். வேறு படிவம் வாங்கி, அந்தச் சாமானைத் தொட வேண்டாம் என்று எழுதினேன். இது அதைவிட மோசம், ரகசிய வார்த்தை என்று பிடித்து வைப்பார்கள் என்றார். என்னதான் விடுவார்கள் என்று கேட்டேன்.

"வீட்டு விசயம் விடுவினம். கலியாணம், வருத்தம், சாவு. சாவு எண்டால் இண்டைக்கே போகும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வருத்தம் என்று சொன்ன நோயை, எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் பூஜை நிற்காது. சாமியிடம் வேண்டிக்கொண்டு இன்னும் விமரிசையாகச் செய்வார்கள். பூஜையை நிறுத்துவது தீட்டு ஒன்றுதான். தீட்டு விழுந்த வீட்டில் அரிவாளுக்குக்கூடப் பொட்டு வைக்க மாட்டார்கள். பூஜை இல்லாமல் மச்சான் முதல் வெடி வெடிக்க மாட்டார். அந்த வீட்டுக்குத் தீட்டு வரும்படியான சாவு, இக்கரையில் யார் சாவு? வேறு யார் பெயரையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அனுப்புகிறவன் இடத்தில் கடைப் பெயரைப் போட்டு, குமாரசாமி இறந்துவிட்டான் என்று என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். என்ன உறவு என்று அவர் கேட்டார். தம்பி என்றேன். அவர் எழுந்து நின்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

தீட்டு கருமாதி வரைக்கும் இருக்கும். அதற்குள் என் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் எழுதினேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதிலிருந்து ஆரம்பித்து, அசல் முத்திரை எப்படி விழுகிறது, ஆசாரி வெட்டியது எப்படி இருக்கும், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று படம் போட்டு, படத்தின் பக்கத்தில் எண்ணும் போட்டு, எல்லாவற்றையும் விளக்கினேன். சாயந்திரத் தபாலில் சேர்த்தேன்.

6

என் மனைவி நல்லம்மாளிடம் அன்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, யாரக் கேட்டு என் தாலிய அறுத்தீங்க?"

மச்சானின் உயிர் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"உங்க மச்சானுக்காவ என்னைய முண்டச்சி ஆக்கிப்போட்டீங்க. நாளைக்கு அந்த ஊர்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிப்பேன்? நல்லாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து, கடிதம் நிச்சயமாகப் போய்விடுமா என்று கேட்டாள். நான் எப்போதும் எடுத்துவைக்கும் நகலைக் காட்டினேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவள், பக்கத்தை எண்ணினாள்.

"நான் சாவல, துப்பாக்கியத் தொடாதீங்கன்னு ரெண்டு வரி எழுதுனா ஆவாதா? மூணு பக்கம் எதுக்கு? படம் வேற."

7

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, என் மகள் சரஸ்வதி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைச் சாரா என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, பொருள் தெரியாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் படிப்பாள். நல்லம்மாள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உறையின் மேல் அவள் பெயர் இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல ஊர் வாத்தியார் எழுதிய கடிதம்.

"அப்பா, கருமாதின்னா என்ன? அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கேட்டாள் மகள்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் தந்தி புதன்கிழமையே கிடைத்த விவரம் இருந்தது. அக்கா மண்ணில் விழுந்து புரண்டிருக்கிறாள். ஆயுத பூஜை நடக்கவில்லை. துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

இரண்டாவது பக்கம். உடல் இல்லாததால் என் பழைய வேட்டி ஒன்றை வைத்துக் காரியம் செய்திருக்கிறார்கள். கருமாதியன்று குளித்துத் தீட்டுக் கழிந்த பிறகு மச்சான் பெட்டியைத் திறந்திருக்கிறார். சீமையில் போய்ச் செத்தவனுக்கு வேட்டுச் சத்தமாவது கேட்க வேண்டாமா என்று சொல்லி, துப்பாக்கியைக் காட்டு வரப்புக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஊரே பின்னால் போயிற்றாம். வலது குழல் ஒழுங்காகச் சுட்டது. நல்ல சத்தம், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதன் பிறகு மச்சான் சொன்னதை வாத்தியார் அப்படியே எழுதியிருந்தார்:

"கடல் தாண்டிப் போனவனுக்கு ஒண்ணு போதுமா?"

இடது குழல் அடிப்பக்கத்தில் பிளந்துகொண்டது. மச்சான் மறுநாள் பொழுது விடியும்வரை இருந்தார்.

கடைசிப் பத்தி நல்லம்மாளுக்கு. "உனக்கும் எனக்கும் ஒரே மாசத்துல இப்பிடி எழுதிப்போட்டான். அங்க தனியாக் கெடந்து என்ன பண்ணுவ சாமி? புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. ரெண்டு பேரும் ஒண்ணாக் கெடந்து காலத்தத் தள்ளலாம்."

நல்லம்மாள் எழுந்து உள்ளே போனாள். அன்று முழுவதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

8

அடுத்த வாரம் என் மூன்று பக்கக் கடிதம் எனக்கே திரும்பி வந்தது. நான் வரைந்த முத்திரைகளின் மேல் தணிக்கை ஆபீஸ் தன் முத்திரையைக் குத்தியிருந்தது. படமும் எண்ணும் இருந்ததால் ஏதோ சங்கேதம் என்று நினைத்திருப்பார்கள். நல்லம்மாள் சொன்ன இரண்டு வரியை எழுதியிருந்தால்கூடத் துப்பாக்கி என்ற சொல்லுக்காகத் திருப்பியிருப்பார்களோ என்னவோ. நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரே வரி எழுதியிருந்தால் போயிருக்கும். கருமாதி நடந்திருக்காது.

இந்த ஏழு வருஷத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆசாரியின் வேலையில் குற்றமில்லை. சொன்ன மருந்தைப் போட்டிருந்தால் அது மச்சானின் பேரன் காலம்வரை உழைத்திருக்கும். தன் இரும்பு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும், அதை வாயால் சொன்னார். கேட்டவர்கள் இருந்த வீட்டில் துப்பாக்கி இருந்தவரை அந்தச் சொல்லும் கூடவே இருந்தது. கை மாறியபோது சொல் பின்தங்கிவிட்டது, வெட்டிய முத்திரை மட்டும் கூடப் போயிற்று. மிஷின் சரக்கையே பார்த்துப் பழகிய நான், முத்திரை என்றால் அது உண்மையைத்தான் சொல்லும் என்று நம்பினேன். அராவின கையை நேரில் பார்த்தவனும் நான்தான்.

அக்காவுக்கு நான் பிறகு எழுதியது ஆறு வரி. நான் உயிரோடு இருக்கிறேன், தந்தி ஆபீஸில் பெயர் மாறிப் போயிற்று என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை யாரும் தடுக்கவில்லை. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது. புருஷன் போய் இரண்டு மாதம் ஆகாதவள், தம்பி பிழைத்ததற்காக மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்ததாக வாத்தியார் எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார். அங்கமுத்து ஆசாரி வந்து துப்பாக்கியின் துண்டுகளைப் பார்த்து, இது என் கைவேலைதான் என்று கேட்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறார். புதுத் தோட்டா போடச் சொன்னது யார் என்று அவர் கேட்டாராம். அது மச்சானுக்குத்தான் தெரியும். அக்காவிடம் அவர் சொன்னதில்லை. என் கடிதம் எங்கே போயிற்றோ தெரியாது. ஊர் ஆசாரியைத்தான் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஒரு ஏர்க்கொழுவைக்கூட யாரும் அடிக்கக் கொடுக்கவில்லை. உலைக்களத்தைப் பிரித்துக்கொண்டு ஆத்தூருக்கு அப்பால் போய்விட்டார்.

யுத்தத்தில் தபால் நின்றது. மறுபடியும் தொடங்கியபோது வந்த முதல் கடிதத்திலும், அக்கா செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலில் அந்த ஆசாரியின் கை அழுக வேண்டும் என்று மண்ணை வாரி விடுவதாக எழுதியிருந்தது. அவர் இன்னும் இருக்கிறாராம். அவளும் விடவில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார் இப்போது இல்லை. இதைப் படிக்கிற மல்லசமுத்திரத்துக்காரர் யாராவது ஒரு பகல் நேரத்தில் அவள் வீட்டுக்குப் போங்கள். சென்னியப்பன் சம்சாரம் பாவாயி என்றால் யாரும் காட்டுவார்கள். முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுங்கள். தோட்டா போடச் சொன்னது யார், செத்ததாகத் தந்தி அடித்தது யார் என்று வருகிற இடத்தில் அவள் போதும் என்று கையைக் காட்டுவாள். நிறுத்த வேண்டாம்.